காரைக்குடியிலிருந்து டாக் ஷோவுக்கு: நாயைக் கூட்டிப்போய் வருவது எப்படி

போன மாதம் தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு தம்பி எட்டு மாத ராஜபாளையம் குட்டியோடு வீட்டுக்கு வந்தார். "அண்ணே, மே மாசம் ஊட்டி ஷோவுக்கு இவனைக் கொண்டுபோகணும், எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார். திண்ணையில் உட்கார்ந்து இருட்டும்வரை பேசினோம். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், சொல்ல மறந்ததையும் சேர்த்து.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரிங்குக்குள் (மைதானத்தில் நாயை நடக்கவைத்துக் காட்டுகிற கட்டத்துக்குள்) உங்கள் நாயை ஜட்ஜ் பார்ப்பது சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்துக்காக நாம் இங்கிருந்து சென்னைக்கு நானூறு கிலோமீட்டர் போகிறோம், ஊட்டிக்கு முந்நூறுக்கு மேல் போகிறோம். நான் தோற்ற ஷோக்களை நினைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் சாலையிலேயே தோற்றவை. வீட்டில் நிமிர்ந்து நிற்கிற நாய், மைதானத்தில் வண்டியை விட்டு இறங்கும்போது வாலைச் சுருட்டி வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இறங்கினால் அன்றைக்கு எதுவும் நடக்காது. அதனால் இதில் பயணத்தைப் பற்றியும் நிறைய இருக்கும்.

தாளும் சிப்பும்

கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவு இருந்தால்தான் சாம்பியன்ஷிப் ஷோவில் பெயர் கொடுக்க முடியும். அதன் தலைமை அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது. பதிவுக்கு மைக்ரோசிப் வேண்டும். அரிசிமணி அளவில் இருக்கும், கழுத்துக்குப் பின்னால் தோலுக்கடியில் ஊசி மூலம் போடுவார்கள், 15 இலக்க எண் இருக்கும். ஸ்கேனர் வைத்துப் பார்த்து, அந்த எண்ணும் சான்றிதழில் இருக்கிற எண்ணும் ஒன்றுதானா என்று வாங்கும்போதே சரிபாருங்கள்.

அதைவிட முக்கியம், சான்றிதழ் உங்கள் பெயருக்கு மாறியிருக்க வேண்டும். என் ராஜபாளையம் மருதுவை நான் வாங்கியபோது விற்றவர் "அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டு அனுப்புறேன்" என்றார். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே ஒரு சீசன் முழுக்கப் போய்விட்டது. பணம் கொடுக்கிற அன்றே உரிமை மாற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள், கூச்சப்படவே வேண்டாம். ஷோவுக்கான என்ட்ரி பல நாட்களுக்கு முன்பே மூடிவிடும், கடைசி நேரத்தில் மைதானத்தில் போய் நின்றால் வேடிக்கைதான் பார்க்க முடியும். குட்டி, ஜூனியர் என்று வயதுப்படி வகுப்புகள் இருக்கும், அதற்கு மேல் 'பிரெட் இன் இந்தியா' (இந்தியாவில் பிறந்தவை), ஓப்பன் (எல்லோருக்கும்), சாம்பியன் (பட்டம் வாங்கியவை). ஷோ நடக்கும் நாளில் நாய்க்கு என்ன வயது என்று கணக்குப் போட்டு வகுப்பை எழுதுங்கள், படிவம் நிரப்பும் நாளின் வயதை அல்ல.

ராஜபாளையம் என்றால் பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு சோதனை செய்ய வேண்டும். பால் வெள்ளை உடம்பும் ரோஸ் நிற மூக்கும்தான் அந்த இனத்தின் அழகு, ஆனால் அந்த வெள்ளையோடு சில குட்டிகளுக்குக் காது கேளாமையும் சேர்ந்து வரும். குட்டி தூங்கும்போது பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிப் பாருங்கள். மற்ற குட்டிகளோடு இருக்கும்போது செய்யாதீர்கள், அவை எழுந்தால் இதுவும் எழுந்துவிடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

நம் ஊர் வீடுகளில் ஒரு சிக்கல் இருக்கிறது, வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. ஆத்தங்குடிக் கல் பாவிய வளவில் குட்டியை வளர்க்கிறோம். அந்தக் கல் வழுக்கும். வளரும் வயதில் தினமும் அதில் ஓடித் திரும்புகிற குட்டி காலை அகட்டி அகட்டி வைத்துப் பழகிவிடும், மருதுவுக்கு முன் இருந்த நாய்க்கு அப்படித்தான் பின்னங்கால் நடை கெட்டது. குட்டி இருக்கிற இடத்தில் சாக்கையோ பழைய ஜமுக்காளத்தையோ விரித்துவிடுங்கள், ஓட்டமும் நடையும் மண் தரையில்தான். ஆனால் அந்தக் கல்லால் ஒரு நன்மையும் உண்டு: நாய் அதன்மேல் நடக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்டால் நகம் வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். நறுக்கிவிடுங்கள், வாரம் கொஞ்சமாக.

ஷோ பெரும்பாலும் புல் தரையில் நடக்கும். நம் நாய்கள் செம்மண்ணில் வளர்ந்தவை, நல்ல பச்சைப் புல்லைப் பார்த்ததும் மூக்கைக் கீழே வைத்து மோப்பம் பிடிக்க ஆரம்பித்துவிடும், தலை மேலே வராது. கோடையில் கண்மாய் வற்றும்போது உள்ளே புல் முளைக்குமே, அங்கே கூட்டிப்போய்ப் பழக்குங்கள். நாய் உங்கள் இடது பக்கம், ஷோ லீட் (ஷோவில் போடுகிற மெல்லிய வார்) கழுத்தில் காதுக்குப் பின்னால் உயரமாக. நேராகப் போய் நேராகத் திரும்புவது ஒன்று, முக்கோணமாகப் போவது ஒன்று, வட்டமாகச் சுற்றுவது ஒன்று. இந்த மூன்றையும் ஒரே சீரான வேகத்தில், பாய்ச்சலுக்குப் போகாமல் துள்ளாமல் செய்யவைக்க வேண்டும். தினமும் பத்து நிமிடம் போதும், அதற்கு மேல் போனால் நாய்க்கு அலுத்துவிடும், அலுத்த நாயை நடக்கவைப்பது கஷ்டம்.

அப்புறம் ஸ்டாக், அதாவது ஜட்ஜ் பார்க்கும்படி நாயை நிறுத்துவது. முன்னங்கால் இரண்டும் தோளுக்கு நேர் கீழே, பின்னங்கால் கணுவுக்குக் கீழே உள்ள பகுதி தரைக்குச் செங்குத்தாக, தலை நிமிர்ந்து, அசையாமல். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒல்லி நாய்களுக்குக் கைவைத்து அழுத்தி நிறுத்தினால் முதுகைக் கூன் போட்டுவிடும். காலை முழங்கையிலிருந்து பிடித்துத் தூக்கி வையுங்கள், பாதத்தைப் பிடித்து இழுக்காதீர்கள்.

இப்போது நான் வாங்கிய பெரிய அடியைச் சொல்கிறேன். மருதுவின் முதல் ஷோ சென்னையில், ஜனவரி மாதம். மெட்ராஸ் கெனைன் கிளப் ஷோக்கள் பெரும்பாலும் அந்தக் குளிர் நாட்களில்தான் வரும். நடை நன்றாக இருந்தது, உடம்பு நன்றாக இருந்தது. ஜட்ஜ் பல் பார்க்க வாயருகே கையைக் கொண்டுவந்தார், மருது உறுமிக்கொண்டே பின்வாங்கினான். ஜட்ஜ் ஒரு நிமிடம் நின்று, பொறுமையாக இன்னொரு முறை முயன்றார். அப்போதும் விடவில்லை. வரிசையில் கடைசியில் போய் நின்றோம், அதுவும் சரிதான். காரணம் யோசித்தபோது தெரிந்தது, அவனை அதுவரை அப்பச்சியும் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) நானும் தவிர யாரும் தொட்டதே இல்லை. ராஜபாளையம் காவல் நாய், அந்நியரை நம்பாது, நாம் பழக்காவிட்டால் அது தன் குணப்படிதான் நடக்கும்.

அதன் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும், பால்காரர், தபால்காரர், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிற உறவுக்காரர்கள், எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன்: முதலில் கையை மோந்து பார்க்க விடுங்கள், பிறகு தோளைத் தொடுங்கள், முதுகைத் தடவுங்கள், நான் உதட்டைத் தூக்கிக் காட்டுகிறேன் பல்லைப் பாருங்கள். ஆண் நாய் என்றால் ஜட்ஜ் விதைகள் இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்று தொட்டுப் பார்ப்பார், அதற்கும் பழக்க வேண்டும். தொப்பி போட்டவர், கண்ணாடி போட்டவர், குடை பிடித்தவர் எல்லோரையும் பார்க்கட்டும். கூட்டத்துக்கும் மேளத்துக்கும் பழக, கொப்புடையம்மன் கோயில் செவ்வாய்த் திருவிழா நடக்கும் நாட்களில் இரண்டு தெரு தள்ளி நின்று சத்தத்தைக் கேட்கவைத்தேன், நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டே. வேட்டுச் சத்தத்துக்குப் பக்கத்தில் மட்டும் கொண்டுபோகாதீர்கள், ஒரே ஒரு நாள் பயம் ஒரு வருடப் பழக்கத்தைக் கெடுத்துவிடும்.

வெள்ளை நாயை நம் செம்மண் ஊரில் வெள்ளையாக வைத்திருப்பது தனி வேலை. முழங்காலுக்குக் கீழே எப்போதும் காவி ஏறியிருக்கும். சொட்டு நீலம் கலந்து குளிப்பாட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள். ராஜபாளையத்தின் தோல் ரோஸ் நிறத்தில் மென்மையாக இருக்கும், சீக்கிரம் அரிப்பு வந்துவிடும். ஷோவுக்கு மூன்று வாரம் முன்பிருந்தே மண்ணில் படுக்க விடாமல் கட்டிலோ சாக்கோ போடுங்கள், தினமும் ஈரத்துணியால் காலைத் துடைத்து உலர்த்துங்கள். இரண்டு நாள் முன்னால் நாய்களுக்கான ஷாம்பு போட்டு ஒரே ஒரு குளியல். ஷோ நாள் காலையில் குளிப்பாட்டினால் முடி மினுங்காது, தூக்கிக்கொண்டு நிற்கும்.

பயணம்

ரயிலைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். முதல் வகுப்பில் இரண்டு பேர் அல்லது நான்கு பேர் அறையை முழுதாக நாமே எடுத்தால் நாயை நம்மோடு வைத்துக்கொள்ளலாம். ஏசி இரண்டாம், மூன்றாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் சேர் காரிலும் அனுமதி இல்லை. மற்றபடி பார்சல் ஆபீசில் பதிவு செய்து ரயிலின் கார்டு இருக்கிற பெட்டியில் உள்ள நாய்ப்பெட்டியில் ஏற்ற வேண்டும். அந்தப் பெட்டி இருட்டு, இரும்பு, சத்தம். ஷோவுக்குப் போகிற நாயை அதில் ஏற்றாதீர்கள் என்பதுதான் என் கருத்து. செலவு அதிகம் என்றாலும் காரில் போங்கள், நம் பக்கம் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு வேன் எடுத்துக்கொண்டால் கட்டுப்படியாகும். தடுப்பூசிப் புத்தகம், கால்நடை மருத்துவரிடம் புறப்படுவதற்கு முன் வாங்கிய உடல்நலச் சான்றிதழ், பதிவுச் சான்றிதழ் மூன்றும் ஒரே உறையில், ஒருவர் கையில்.

நாய்க்கு வண்டிப் பழக்கம் குட்டியிலேயே வரவேண்டும். முதலில் இன்ஜின் ஓடாத வண்டியில் சோறு போடுங்கள். பிறகு குன்றக்குடி வரை போய்வாருங்கள், பிறகு பிள்ளையார்பட்டி. கிரேட்டுக்குள் (பயணக் கூண்டுக்குள்) படுத்துத் தூங்கப் பழகிய நாய் எவ்வளவு தூரமும் வரும். புறப்படுவதற்கு ஆறு மணி நேரம் முன்னால் தீனியை நிறுத்திவிடுங்கள். வெளியூரில் கறிச்சோறு, பிரியாணி மிச்சம் எதுவும் வேண்டாம், வீட்டில் தின்ற தீனியே, அதே அளவு. தண்ணீரும் வீட்டிலிருந்தே, புதுத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு நாள் முழுக்கக் குடிக்காமல் இருந்த நாயை நான் வைத்திருந்தேன்.

சென்னைக்கு என்றால் புதுக்கோட்டை, திருச்சி, விழுப்புரம் வழி. இரவு ஒன்பது மணிக்கு மேல் கிளம்புங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறக்குங்கள், டோல்கேட் பக்கத்தில் வேண்டாம், அங்கே தெருநாய்கள் நிறைய. இறக்கும்போது இரண்டு வாராகப் போடுங்கள், ஒன்று கழுத்துப்பட்டையில், ஒன்று நெஞ்சுப்பட்டையில். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் தலை சின்னது, கழுத்து நீளம், பட்டையை உருவிக்கொண்டு ஒரு நொடியில் போய்விடும், நெடுஞ்சாலையில் அந்த ஓட்டத்தை யாராலும் பிடிக்க முடியாது. டீ குடிக்கப் போனால் ஒருவர் வண்டியிலேயே இருங்கள். நிறுத்திவைத்த காருக்குள் வெயிலில் சில நிமிடத்தில் நாய் செத்துப்போகும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தோம் என்பதெல்லாம் கணக்கில் வராது.

ஊட்டி வேறு மாதிரி. மே மாதம் சீசனில், சவுத் ஆஃப் இந்தியா கென்னல் கிளப் நடத்துகிற ஷோ, அரசு கலைக் கல்லூரி மைதானத்தில் நடக்கும். நாம் திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் என்று போய் மேட்டுப்பாளையத்தில் ஏற வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, செக்போஸ்டில் வாங்கிவைத்துவிடுவார்கள், அதனால் நாய்க்கான தண்ணீரை எவர்சில்வர் தூக்கில் எடுத்துப் போங்கள். சீசனில் பெரும்பாலும் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவார்கள், நேரத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். கல்லாறு தாண்டி வளைவு தொடங்கும் முன் அரை மணி நேரம் நிறுத்தி நாயை நடக்கவிடுங்கள்.

முதல் முறை ஷோ நாள் விடியற்காலையில் ஏறி நேராக மைதானத்துக்குப் போனோம். செவலை, என் சிப்பிப்பாறைப் பெட்டை, மலைப்பாதை முழுக்க வாந்தி எடுத்தாள். மேலே இறங்கியதும் குளிர். நாற்பது டிகிரி வெயிலில் இருந்து வந்த, உடம்பில் கொழுப்பே இல்லாத, முடியும் மெல்லிய நாய். நடுங்கி நடுங்கி முதுகு வில்லாக வளைந்துவிட்டது. ரிங்கில் வாலைக் கீழே விட்டு நடந்தாள், எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது, வகுப்பு முடிந்ததும் சட்டைக்குள் சேர்த்து அணைத்தபடி வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வருடம் இரண்டு நாள் முன்பே போனோம். 2,200 மீட்டர் உயரத்துக்கு நாய் பழக ஓர் இரவாவது வேண்டும். அப்பத்தா தன் பழைய கண்டாங்கிச் சேலையை மடித்து, உள்ளே கம்பளித் துணி வைத்து, வயிற்றில் கட்டுகிற மாதிரி நாடா போட்டுத் தைத்துக் கொடுத்தார். ரிங் வாசல் வரை அதைப் போட்டுவைத்திருந்து உள்ளே நுழையும்போதுதான் கழற்றினேன். மதியத்துக்கு மேல் ஊட்டியில் மழை வரும், தார்ப்பாயும் உலர்ந்த துண்டு நான்கும் கட்டாயம். இரவில் நாயை வெளியே கட்டாதீர்கள், வராந்தாவில்கூட வேண்டாம். அங்கே சிறுத்தை ஊருக்குள் வந்து நாயைத் தூக்கிக்கொண்டு போகும். நாயை அறைக்குள் விடுகிற லாட்ஜா என்று முன்கூட்டியே போனில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஷோ நாள்

ரிங் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன் போய்விடுங்கள். கேட்டலாக் (கலந்துகொள்ளும் நாய்களின் பட்டியல் புத்தகம்) வாங்கி உங்கள் நாயின் பெயர், எண், வகுப்பு சரியா என்று பாருங்கள், தவறு இருந்தால் உடனே செயலாளர் மேசைக்குப் போங்கள். கை எண்ணை இடது கையில் கட்டுங்கள். நாயை மூத்திரம் போகவைத்துவிட்டு, உங்களுக்கு முந்தைய இரண்டு இனத்தை வெளியே நின்று பாருங்கள்: இந்த ஜட்ஜ் முக்கோணம் கேட்கிறாரா, நேர் நடையா, நாயை எங்கே நிறுத்தச் சொல்கிறார் என்பது தெரிந்துவிடும். உள்ளே போனால் ஸ்டூவர்ட் (ரிங்கில் ஜட்ஜுக்கு உதவியாக இருப்பவர்) சொல்வதைக் கேளுங்கள், ஜட்ஜ் வயது கேட்டால் மட்டும் சொல்லுங்கள், வேறு பேச்சு வேண்டாம். முன்னால் போகிற நாயோடு ஒட்டாமல் இடைவெளி விடுங்கள். ஜட்ஜ் வேறு நாயைப் பார்க்கும்போது உங்கள் நாயைத் தளர்வாக விடலாம், தவறே இல்லை, முழு நேரமும் முறுக்கிப் பிடித்தால் கடைசிச் சுற்றில் அது சோர்ந்து நிற்கும்.

இனத்தில் முதலாவது வந்தால் பெஸ்ட் ஆஃப் பிரீட், பிறகு குரூப் (ஒரே வகையைச் சேர்ந்த பல இனங்களின் போட்டி), பிறகு பெஸ்ட் இன் ஷோ. சேலஞ்ச் சர்டிபிகேட் (இனத்தில் சிறந்த ஆணுக்கும் பெட்டைக்கும் ஜட்ஜ் தருகிற சான்றிதழ்) வெவ்வேறு ஜட்ஜ்களிடமிருந்து சேர்ந்தால்தான் சாம்பியன் பட்டம், அதனால் ஒரே வார இறுதியில் இரண்டு ஷோ நடக்கும் ஊருக்குப் போவது செலவுக்கு நல்லது. முன்பெல்லாம் நம் நாட்டு இன ரிங்கில் நானும் இன்னொருவரும் மட்டும் நிற்போம். 2005-ல் ராஜபாளையத்துக்கு அஞ்சல் தலை வந்தது, 2020-ல் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தேசிய கால்நடை மரபு வளங்கள் பணியகத்தில் இனமாகப் பதிவாயின, அதே வருடம் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசினார். அதற்கப்புறம் இந்த ரிங்கைச் சுற்றி ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். இப்போது உள்ளே ஆறேழு நாய் நிற்கும்போது தோற்றாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

மருது மூன்றாவது வருடம் சென்னையில் உறுமாமல் பல்லைப் பார்க்க விட்டான், ஜட்ஜின் கையை ஒரு முறை நக்கவும் செய்தான். பெஸ்ட் ஆஃப் பிரீட் அவனுக்கு. குரூப்பில் இடம் இல்லை. அன்றைக்கு விழுப்புரம் தாண்டி நிறுத்தி வீட்டிலிருந்து கொண்டுபோன தயிர்ச்சோற்றை அவனுக்குப் பிசைந்து போட்டோம், நாங்களும் அதையே சாப்பிட்டோம்.

திரும்பி வந்தபின்

இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். நூற்றுக்கணக்கான நாய் வந்த மைதானத்திலிருந்து வருகிறீர்கள். வாசலிலேயே காது மடலுக்குள், விரலிடுக்கில், வாலடியில் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உங்கள் செருப்பை வெளியே கழுவி வையுங்கள், பார்வோ (குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு நோய்) கிருமி செருப்பு மண்ணிலும் வரும். வீட்டில் தடுப்பூசி முடியாத குட்டிகள் இருந்தால் ஷோவுக்குப் போன நாயை இரண்டு வாரம் பின்கட்டில் தனியாக வையுங்கள், அதற்குத் தனித் தட்டு, குட்டிகளுக்குத் தீனி வைத்து முடித்த பிறகுதான் அதனிடம் போக வேண்டும். இருமல், சளி, தீனி மறுப்பது எது தெரிந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள், எங்கே போய்வந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

தேவகோட்டைத் தம்பியின் குட்டிக்கு இன்னும் உரிமை மாற்றம் முடியவில்லை. நேற்றுப் போன் செய்து, கண்டாங்கிச் சட்டைக்கு அளவு கேட்டார். கழுத்திலிருந்து வாலடி வரை ஒரு அளவு, நெஞ்சுச் சுற்றளவு ஒரு அளவு, குட்டி என்பதால் இரண்டிலும் நான்கு விரல் கூட்டித் தைக்கச் சொன்னேன்.